ஸ்கீ பயிற்றுநர் உயர்நிலைத் தேர்வு: கைதேர்ந்தவர்களும் கோட்டைவிடும் இடங்கள்

ஸ்கீ பள்ளியில் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. ஸ்கீ என்பது பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகை. இரண்டு ஸ்கீயின் முனைகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வைத்துக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். இதற்குப் பெயர் ஸ்னோபிளவ். வாண்டுகளிடம் 'பீட்சா' என்றால்தான் புரியும். பல வருடம் மலையிலேயே கிடந்து, எந்தச் சரிவிலும் அநாயாசமாக இறங்கும் ஆள்கூட பயிற்றுநர் தேர்வில் இந்தப் பீட்சாவில் கோட்டைவிடுவது உண்டு. கேட்க வேடிக்கையாக இருக்கும், தோற்றவருக்கு அப்படி இருக்காது.

வேகமாகப் போகும்போது பாதி வேலையை ஸ்கீயே செய்துவிடுகிறது. விளிம்பு பனியைக் கடிக்கும், வளைவு தானாக வரும். நடை வேகத்தில் அந்த உதவி கிடையாது. தோளைத் திருப்பித் திரும்பும் பழக்கம், எடையைக் குதிகாலில் வைத்திருக்கும் பழக்கம், ஒரு காலை மட்டும் தள்ளிச் சமாளிக்கும் பழக்கம் எல்லாம் அங்கே அம்பலமாகிவிடும். இடுப்புக்கு மேலே உடம்பு அமைதியாக இருக்கிறதா, திருப்பம் கால்களிலிருந்து வருகிறதா, கூரையின் அகலம் வளைவு முழுக்க ஒரே அளவில் இருக்கிறதா என்றுதான் தேர்வு எடுப்பவர் பார்ப்பார். பயிற்றுநரின் உடம்புதானே மாணவருக்குப் பாடப் புத்தகம்!

இதைச் சரிசெய்யச் செலவே இல்லை. இரண்டு கைத்தடிகளையும் சேர்த்து, காபி தட்டு ஏந்துவது போல முன்னால் குறுக்காகப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் பாருங்கள். தட்டு பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே இருந்தால் சரி. வளைவுக்கு வளைவு இடமும் வலமும் ஆடினால் தோள்தான் உங்களைத் திருப்புகிறது. தினமும் காலையில் முதல் இருபது நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். பெரும்பாலோர் ஒதுக்குவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில்தான் பனி அருமையாக இருக்கும்.

எந்தத் தேர்வைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் ஸ்கீ பயிற்றுநர் சங்கமான பாஸியில் நான்கு நிலைகள், உச்சியில் இருப்பது ஐ.எஸ்.டி.டி. எனப்படும் சர்வதேச ஸ்கீ ஆசிரியர் டிப்ளமோ. பிரான்சில் ஷாமோனியில் உள்ள என்சா என்ற தேசியப் பள்ளி, ஆஸ்திரியாவில் அரசுத் தேர்வு என்று ஆல்ப்ஸ் நாடுகள் ஒவ்வொன்றுக்கும் தனி ஏணி உண்டு. பெயர்கள் மாறினாலும் உச்சிப் படியில் கேட்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: சறுக்கும் திறன், கற்பிக்கும் திறன், மலைப் பாதுகாப்பு, அப்புறம் கடிகாரம்.

கடிகாரம் என்றால் யூரோடெஸ்ட். ஜயண்ட் ஸ்லாலம் என்ற வளைவுப் பந்தயப் பாதையில், பனியில் நட்ட 'கேட்' கம்பங்களைச் சுற்றி இறங்க வேண்டும். தேர்வர்களுக்கு முன் அதே பாதையில் முன்னோட்டமாக இறங்குபவர்களின் நேரத்தை உலகத் தரத்துக்குக் கணக்கிட்டு அடிப்படை நேரம் ஒன்றை வைப்பார்கள். ஆண்கள் அதைவிட 18 சதவீதத்துக்குள்ளும், பெண்கள் 24 சதவீதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். அடிப்படை நேரம் 50 விநாடி என்றால் ஆணுக்கு எல்லை 59, பெண்ணுக்கு 62. ஒன்பது விநாடி சலுகையா, தாராளம்தானே என்று தோன்றும். 40 கேட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கால் விநாடி தவறவிட்டால் பத்து விநாடி போச்சு.

அந்தக் கால் விநாடி எங்கே போகிறது? கேட்டையே குறிவைத்து நேராகப் பாய்வதில்தான். நேர்கோடுதான் குறுக்குவழி என்று மனசு சொல்லும். கேட்டை எட்டியபின் திருப்பத் தொடங்கினால் வளைவு முழுக்கக் கேட்டுக்குக் கீழே விழும். ஸ்கீ பக்கவாட்டில் சறுக்கி, அடுத்த கேட்டுக்குத் தாமதமாகி, அதற்கடுத்ததற்கு இன்னும் தாமதமாகும். வட்டிக்கு வட்டி மாதிரி. வளைவின் பெரும்பகுதியைக் கேட்டுக்கு மேலேயே முடித்துவிட வேண்டும். பார்க்கச் சுற்றுவழி, கடிகாரத்தில் அதுதான் குறுக்குவழி. இந்த உணர்வு சும்மா சறுக்குவதில் வராது, கேட் நட்ட பாதையில் திரும்பத் திரும்ப இறங்கினால்தான் வரும். சிறுவயதில் பந்தயத்தில் ஓடாதவர்கள் இதைக் கடைசி வருடத்துக்குத் தள்ளுவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. மற்ற எல்லாப் பகுதியும் முடித்துவிட்டு இந்த ஒன்றுக்காகவே வருடக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. பாதை பெரும்பாலும் பனிக்கட்டியாக இறுகியிருக்கும் என்பதால் மழுங்கிய விளிம்போடு போய் நிற்பதும் வீண்.

பூட்ஸ் விஷயத்தில் கௌரவம் பார்க்க வேண்டாம். விறைப்பு எண் 130 என்று எழுதியிருந்தால்தான் மதிப்பு என்று வாங்கிவிட்டு, கணுக்கால் மடங்காமல் பின்னால் உட்கார்ந்தபடியே சறுக்குவார்கள். இன்னொரு கூட்டம் சௌகரியத்துக்காக ஒரு அளவு பெரிதாக எடுக்கும். உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டுக்குள் காலை விட்டு, கால்விரல் முன்னால் தொட நின்று பாருங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் இருந்தால் இந்த வேலைக்கு அது பெரிது.

மலைப் பாதுகாப்புப் பகுதியை 'ஒரு வாரம் படித்தால் போதும்' என்று நினைப்பவர்களைக் கண்டால் பயமாகவே இருக்கிறது. பனிச்சரிவில் புதைந்தவர் உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு சடசடவென்று சரியும். அந்த நேரத்துக்குள் டிரான்சீவரில், அதாவது ஒவ்வொருவரும் உடம்பில் மாட்டியிருக்கும் ரேடியோ கருவியில், புதைந்தவரின் சிக்னலைப் பிடித்து, நெருங்கி, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, தோண்டி எடுக்க வேண்டும். எல்லோரும் தடுமாறுவது கடைசி மூன்று மீட்டரில். பதற்றத்தில் கருவியை மார்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் வீசுவார்கள், எண் ஏறி இறங்கிக் குழப்பும். அங்கே முழங்கால் போட்டு, கருவியைப் பனியின் மேல் ஒட்டினாற்போல் வைத்து, திசை மாற்றாமல், எறும்பு ஊர்வது போல நகர்த்த வேண்டும். கம்பி ஆளைத் தொட்டதும் அதைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழ்ப்புறமிருந்து தோண்ட வேண்டும். உற்சாகத்தில் பிடுங்கிவிட்டால் இடம் தொலைந்தது.

கைபேசியும் இதில் ஒரு வில்லன். டிரான்சீவர் அனுப்பும் நிலையில் இருக்கும்போது மின்கருவிகள் 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர். ஒரே சட்டைப் பையில் இரண்டையும் வைத்துக்கொண்டு தேர்வுக்கு வருபவர், பயிற்சியிலும் அப்படித்தான் தேடியிருப்பார்.

கற்பித்தல் தேர்வில் தோற்பவர்கள் பெரும்பாலும் அதிகம் பேசித் தோற்கிறார்கள். கொட்டும் குளிரில் ஆறு பேரை நிற்கவைத்து, அதுவும் வெயில் அவர்கள் கண்ணில் அடிக்கும்படி நிறுத்தி, ஐந்து நிமிடம் இயக்கவியல் விளக்கினால் யாருக்குத்தான் ஏறும்? பேசுபவர் வெயிலைப் பார்த்து நிற்பதுதான் மரியாதை. அடுத்தது, அறிகுறியைத் திருத்திவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவது. மாணவர் பின்னால் சாய்கிறார், பயிற்றுநர் "முன்னால் வாங்க, முன்னால் வாங்க" என்று கத்துகிறார். அவர் சாய்வதே பயத்தால்தான் என்றால் எத்தனை முறை கத்தினாலும் சாய்ந்துகொண்டேதான் இருப்பார். தணிவான சரிவுக்கு அழைத்துப் போய், குறுக்காகச் சறுக்கும்போது சின்னச் சின்னதாகக் குதிக்கச் சொன்னால், எடை தானாகப் பாதத்தின் நடுவுக்கு வந்துவிடும். பின்னால் சாய்ந்தபடி யாராலும் குதிக்க முடியாதே. சில சமயம் பூட்ஸ் கொக்கி தளர்ந்திருப்பதே காரணமாக இருக்கும். அதையும் குனிந்து பார்க்க வேண்டும்.

எல்லாத் தேர்வையும் ஒரே பருவத்தின் கடைசி இரண்டு மாதத்தில் அடுக்குவதும் வேண்டாம். களைத்த கால்தான் முழங்கால் தசைநாரைக் காவு கொடுக்கும். அப்புறம் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியதுதான்.

பணம் கட்டுவதற்கு முன் எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்யாதது இன்னொரு தவறு. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த விதிப்படி, வேகத் தேர்வும் பாதுகாப்புத் தேர்வும் சேர்ந்த பொதுத் தேர்வில் தேறியவரின் தகுதியை, அந்த ஏற்பாட்டில் உள்ள நாடுகள் தாமாகவே ஏற்கும். பிரிட்டன் ஒன்றியத்தின் விதிகளிலிருந்து 2020 கடைசியில் முழுவதுமாக விலகிவிட்டதால், அங்கே படித்தவர்களுக்கு இந்த வழி அப்படியே திறந்திருக்கவில்லை. நாட்டுக்கு நாடு தனியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதே நல்லது. அதே கையோடு அந்த நாட்டு மொழி வகுப்பிலும் சேர்ந்துவிடலாம். உச்சி டிப்ளமோவுக்கு இரண்டாம் மொழி கேட்கும் அமைப்புகள் உண்டு, கேட்காவிட்டாலும் பிரான்சின் சவோய் மலையில் அழுகிற நான்கு வயதுப் பிள்ளையை ஆங்கிலத்தில் சமாதானப்படுத்த முடியாது.