பழைய சிடில கெடக்கற ஃப்ரண்ட்பேஜ் வெப்சைட்ட காப்பாத்தறது எப்படி

கேரளா பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைல எங்க வாயனசாலைல, அதாவது நூலகத்துல, தமிழ் புக்கும் மலையாளப் புக்கும் ஒரே அலமாரிலதான் இருக்கும், அத தூசி தட்டறப்ப ஒரு சிடி கெடச்சுது, மேல 2002னு ஸ்கெட்ச் பேனால எழுதியிருந்துச்சு, போட்டுப் பாத்தா வாயனசாலையோட பழைய வெப்சைட் முழுசா உள்ள இருக்கு, ஃப்ரண்ட்பேஜ்னு வெப்சைட் செய்யற பழைய சாஃப்ட்வேர்ல செஞ்சது. உங்ககிட்டயும் இப்படி ஒண்ணு இருந்தா தூக்கிப் போட்றாதீங்க, கோடிங் தெரியலைன்னாலும் பரவால்ல, நான் செஞ்சத அப்படியே சொல்றேன்.

ஸ்டெப் 1: ஃபோல்டர மொத்தமா கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி, அதுக்கு இன்னொரு காப்பி எடுங்க. வேலையெல்லாம் ரெண்டாவது காப்பிலதான்.

ஸ்டெப் 2: விண்டோஸ்ல வியூ மெனு போயி ஹிட்டன் ஐட்டம்ஸ டிக் பண்ணுங்க. அண்டர்ஸ்கோர் வி டி ஐ-ன்னு ஆரம்பிக்கற ஃபோல்டருங்க தெரியும். வைரஸ்னு நெனச்சு நெறைய பேரு டெலீட் பண்ணிடறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. வி டி ஐ-ன்னா வெர்மீர் டெக்னாலஜிஸ் இன்கார்ப்பரேட்டட், 1994ல சார்லஸ் ஃபெர்குசனும் ராண்டி ஃபோர்கார்டும் அமெரிக்கால ஆரம்பிச்ச கம்பெனி, டச்சு ஓவியர் வெர்மீர் பேரத்தான் வெச்சாங்க. 1995ல அவங்க விட்டதுதான் ஃப்ரண்ட்பேஜ். பக்கம் எழுத எடிட்டர், மொத்த சைட்டும் எது எதோட லிங்க் ஆயிருக்குன்னு காட்ட எக்ஸ்ப்ளோரர், சர்வர்ல போட எக்ஸ்டென்ஷன்ஸ்ங்கற துணை ப்ரோக்ராம், எல்லாம் ஒரே பேக்ல. வெப் பக்கம் எழுதற கோடான எச்டிஎம்எல் தெரியாதவங்களும் சைட் போடலாம்னு வந்தது எனக்கு இன்னிக்கும் பெரிய விஷயமா படுது, எங்க மாதிரி ஊருல வேற யாரு வந்து சைட் போட்டுத் தரப்போறாங்க. 1996 ஜனவரில மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனிய சுமார் 13 கோடி டாலருக்கு வாங்கிருச்சு, ஆனா ஃபோல்டர் பேரு மட்டும் கடைசி வரைக்கும் வெர்மீர் பேராவே இருந்துச்சு. ஃபெர்குசன் பின்னாடி டாக்குமென்டரி எடுக்கப் போயி ஆஸ்காரும் வாங்கினாரு.

ஸ்டெப் 3: அந்த ஃபோல்டருங்கள்ல சி என் எஃப்-னு முடியறதுக்குள்ள போங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதே பேருல ஒரு சின்ன ஃபைல் இருக்கும், நோட்பேட்ல தொறங்க. பக்கத்த எப்ப உருவாக்குனாங்க, கடைசியா எப்ப மாத்துனாங்க, யாரு லாகின்னு உள்ள இருக்கும். காப்பி பண்றப்ப விண்டோஸ் காட்டற தேதி மாறிப் போகலாம், இது மாறாது. எங்க சைட்ட யாரு செஞ்சாங்கன்னு இத வெச்சுதான் கண்டுபுடிச்சோம்.

ஸ்டெப் 4: முதல் பக்கத்தையும் நோட்பேட்ல தொறந்து மேல ஜெனரேட்டர்னு இருக்கற வரியப் பாருங்க. 4.0ன்னா ஃப்ரண்ட்பேஜ் 2000, 5.0ன்னா 2002, 6.0ன்னா 2003, அதுதான் கடைசி வெர்ஷன், 2006ல மைக்ரோசாஃப்ட் நிறுத்திருச்சு. ஃப்ரண்ட்பேஜ் எக்ஸ்பிரஸ்னு இருந்தா விண்டோஸ் 98ஓட ஃப்ரீயா வந்த சின்ன எடிட்டர்ல செஞ்சது. வெப்பாட்னு வர்ற எடத்துல எத்தன தடவ பாத்தாங்கன்னு எண்ணற ஹிட் கவுண்டர் மாதிரி ஏதாவது இருக்கும், அதுக்கு சர்வர் எக்ஸ்டென்ஷன்ஸ் வேணும், இப்ப ஓடாது, விட்டுடுங்க.

ஸ்டெப் 5: இதுதான் கஷ்டமான வேலை. பக்கத்த ப்ரவுசர்ல தொறந்தா தமிழ் இருக்க வேண்டிய எடத்துல என்னென்னவோ எழுத்து வரும். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட் அப்போ பரவல, டிஸ்கி, டாப், டாம், பாமினின்னு ஆளுக்கு ஒரு முறைல அடிச்சாங்க. நோட்பேட்ல ஃபான்ட் ஃபேஸ்னு இருக்கற எடத்துல ஃபான்ட் பேரப் பாத்து எந்த முறைன்னு புடிங்க, பழைய தமிழ் எழுத்த மாத்தித் தர்ற என்எச்எம் கன்வர்ட்டர்ங்கற சாஃப்ட்வேர்ல அத செலக்ட் பண்ணி யூனிகோடுக்கு மாத்துங்க. முழு ஃபைலையும் உள்ள போட்றாதீங்க, பாமினி மாதிரி முறைல எச்டிஎம்எல் கோடான டேக்கும் தமிழெழுத்தா மாறி பக்கமே ஒடஞ்சுரும், ப்ரவுசர்ல தெரியற எழுத்த மட்டும் பத்தி பத்தியா காப்பி பண்ணி மாத்தி பழைய எடத்துல ஒட்டுங்க. அப்பறம் ஃபான்ட் ஃபேஸ எடுத்துட்டு, எந்த எழுத்து முறைன்னு சொல்ற சார்செட்ட யூனிகோடுக்கான யூடிஎஃப்-8னு மாத்தி, சேவ் பண்றப்பவும் என்கோடிங்ல அதையே குடுங்க. எங்களுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு.