ராத்திரி பூரா ஓட விடாதீர்கள்

போன வாரம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்லூரிப் பையன் லேப்டாப்போடு வந்தான். இணையப் பக்கங்களைப் படித்துத் தானே தகவல் சேர்க்கும் நிரல் ஒன்று அதில் இருந்தது. "அண்ணா, ராத்திரி பூரா ஓட விட்டேனுங்க. காலையில பார்த்தா நாலாயிரம் தகவல் சேர்ந்திருக்குதுங்க!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே சந்தோஷத்தோடு நானும் ஒரு நாள் கண் விழித்தவன்.

எழுத்துரு உடைவது, ஒரே பக்கத்தை இரண்டு முறை எண்ணுவது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் சேரும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

காவல் இல்லாத சுற்று

இணைய உரையைப் படித்துக் கணினி தானே தகவல் பொறுக்கும் முறை எளிமையானது. சில உதாரணங்களை விதையாகக் கொடுப்போம். அவை வரும் வாக்கியங்களின் அச்சை, அதாவது அவற்றைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும் சொல்லமைப்பை, அது பிடித்துக்கொள்ளும். அந்த அச்சில் விழும் புதுப் பெயர்களை எடுக்கும். அந்தப் பெயர்களை வைத்து இன்னும் அச்சுகள். இப்படிச் சுற்றுச் சுற்றாக வளரும். 1998இல் கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின் ஐந்தே புத்தகங்களை வைத்து இப்படித்தான் தொடங்கினார்.

நான் பாலக்காடு மாவட்ட ஊர்களைக் கொடுத்தேன்: ஆலத்தூர், மண்ணார்க்காடு, சித்தூர். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் உண்டென்று எனக்குத் தெரியும். கணினிக்கு யார் சொன்னது? மலையாளத்தில் றகரம் போட்டு எழுதுவார்கள், தெலுங்கில் தகரம். தமிழில் நாம் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறோம். முதல் சுற்றிலேயே 'சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள்' என்ற அச்சு மாட்டியது. அடுத்த சுற்றில் குப்பமும் பலமநேரும் பாலக்காட்டுக்குக் குடிவந்தன. ஆறாவது சுற்றில் திருப்பதி! ஒரு தப்பு அடுத்த சுற்றுக்கு வாத்தியாராகிவிட்டது. எந்தத் தகவல் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று குறித்து வைக்காததால் அழுகல் எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. மூன்று வார வேலையை மொத்தமாக அழித்தேன். இன்றும் எரிச்சல்தான்.

பெரிய இடத்திலும் இது நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2010 ஜனவரியில் ஓடத் தொடங்கிய, இணையத்தைத் தானே படிக்கும் திட்டத்தின் பெயர் 'நெல்' (NELL). (பாலக்காட்டுக்காரனுக்குப் பெயர் பிடிக்காமல் போகுமா?) இணையதளங்கள் நம் கணினியில் வைக்கும் சிறு கோப்புக்குக் 'குக்கீ' என்று பெயர்; அது அந்தக் குக்கீயைத் தின்னும் பிஸ்கட் வகையில் சேர்த்தது; பிறகு கணினிக் கோப்புகளையும் அடுமனைப் பண்டமாக்கியது. அப்புறம் ஆட்கள் அவ்வப்போது உட்கார்ந்து திருத்தினார்கள்.

ஆகவே ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் தகவல்களை மட்டும் ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள். அதில் இருபதையாவது கண்ணால் பாருங்கள். ஓர் ஊர் ஒரே சமயத்தில் இரண்டு மாவட்டத்தில் இருக்க முடியாது என்ற விதியை முதலிலேயே எழுதிவிடுங்கள். பலமநேர் அதிலேயே மாட்டியிருக்கும்.

'போன்ற'

'மா, பலா போன்ற பழங்கள்' என்பது நல்ல அச்சு; மாவும் பலாவும் பழ வகை என்று கணினி கற்கும். ஆனால் 'முத்துப் போன்ற பற்கள்' வந்ததும் முத்து ஒரு பல் ஆகிவிடும்.

இருப்பிடமும் பொறுப்பும்

முல்லைப் பெரியாறு அணை நிற்பது கேரளத்தில், பராமரிப்பது தமிழ்நாடு. தகவல் அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

ஆண்டு

திருத்தணி 1960 வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். திருப்பதி 2022 வரை. பழைய பக்கம் பொய் சொல்லவில்லை. நீங்கள்தான் தேதியை எடுக்க மறந்தீர்கள்.