சாக்குத் துணியில் ஒரு சாட்சி: சிலி பெண்களின் அர்ப்பியேரா செய்யலாம் வாங்க

'அர்ப்பியேரா' என்றால் ஸ்பானிஷில் சாக்குத் துணி. அதன்மேல் கிழிசல் துணிகளை வைத்துத் தைக்கும் படத்துக்கும் அதே பெயர்தான். சிலியின் பாடகி வயலெட்டா பார்ரா, தான் சாக்கில் தைத்த படங்களை 1964இல் பாரிஸ் லூவர் அருங்காட்சியக வளாகத்தில் காட்சிக்கு வைத்தார். ஆனால் இந்தக் கலைக்கு வேறொரு முகம் வந்தது 1973 செப்டம்பர் 11க்குப் பிறகு. அன்று ராணுவத் தளபதி பினோசே சிலியின் ஆட்சியைப் பிடித்தார். அவருடைய ஆட்கள் வீட்டிலிருந்து கூட்டிப்போன கணவனும் மகனும் திரும்பவில்லை. அவர்களைத் தேடி அலைந்த பெண்கள், அடுத்த ஆண்டிலிருந்து தலைநகர் சாந்தியாகோவில் தேவாலய ஆதரவுடன் கூடி உட்கார்ந்து தைத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கும் அதுதான் வழி. படங்கள் ரகசியமாக வெளிநாடு போய் விற்றன. காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு.

அந்த முறையில் ஒன்றை நாமும் செய்து பார்ப்போம். தையல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பட்டன் தைக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் காட்சி. துணியைத் தொடும் முன் இதை முடிவு செய்யுங்கள். முஷ்டி, சங்கிலி, 'பெண் சக்தி' என்ற எழுத்து எதுவும் வேண்டாம். அந்தப் பெண்கள் தைத்தது பொதுச் சமையல் கூடத்தை, வெட்டப்பட்ட மின்கம்பியை, சிறை வாசலில் நிற்கும் வரிசையை. நீங்களும் கண்ணால் பார்த்த ஒரு இடத்தை எடுங்கள். நான் எடுத்தது எங்கள் தெருக் குழாயடி, அதிகாலை நாலு மணி.

அடித்துணி. மளிகைக் கடையில் சணல் சாக்கு என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு பிரிந்துபோகும். உதறி, நனைத்து, வெயிலில் காயவைத்து, 16க்கு 12 அங்குலம் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள்.

பின்னணி. வானம், தரை, மலை என்று பெரிய துண்டுகள் முதலில். சாந்தியாகோ படங்களில் பின்னால் ஆண்டிஸ் மலை இருக்கும், பெரும்பாலும் மேலே சூரியனும் சிரிக்கும். அந்தப் பளிச் நிறங்களுக்குக் கீழேதான் போலீஸ் வண்டி நிற்கும். அதனால் சோகக் காட்சி என்று கறுப்பும் சாம்பலுமாகத் தேடாதீர்கள். பழைய சேலை, லுங்கி, டெய்லர் கடை வெட்டுத்துணி எல்லாம் ஆகும். குண்டூசி குத்தி நிறுத்தி, ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாக ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டுப் போடும் நேர்த்தையல்) போடுங்கள். முதல் தடவை நான் சோம்பேறித்தனமாகப் பசை தடவி ஒட்டினேன். காய்ந்ததும் அப்பளமாகி, இரண்டு ஊசி முறிந்தது.

மனிதர்கள். கோலிக்குண்டு அளவு பஞ்சைத் துணியில் பொதிந்து கட்டினால் தலை. கூந்தலுக்குக் கறுப்பு உல்லன் நூல். உடம்பைத் தட்டையாகத் தைத்து, பாவாடையின் கீழ்ப்பகுதியை மட்டும் தைக்காமல் விடுங்கள், தொட்டால் ஆடும். கண், மூக்கு எல்லாம் நுணுக்கமாக வேண்டாம். இரண்டு புள்ளி போதும்.

இந்தத் துணிகளில் ஒன்றாவது யாராவது உடுத்திக் கழித்ததாக இருக்கட்டும். என் குழாயடியில் குடத்தோடு நிற்பவள் கட்டியிருப்பது அம்மாவின் சுங்குடிச் சேலை ஓரம்.

வீட்டுக் குப்பை. மாத்திரை அட்டையின் பளபளப்பு எவர்சில்வர் குடமாகும். ஓரம் கையை அறுக்கும், மடித்துத் தையுங்கள். எரிந்த தீக்குச்சியை நூலால் சுற்றிக் கட்டினால் விளக்குமாறு. ஜாக்கெட் கொக்கி குழாயாகும்.

ஓரம். உல்லன் நூலால் சுற்றிலும் கம்பளித் தையல், அதாவது போர்வை ஓரத்தில் போடுவார்களே, அந்த 'பிளாங்கெட் ஸ்டிச்'. குரோஷா தெரிந்தால் இன்னும் நல்லது.

பின்பக்கம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். அந்தப் பெண்களில் பலர் படத்தின் முதுகில் ஒரு சின்னப் பை தைத்து, என்ன நடந்தது என்று சீட்டு எழுதிச் செருகினார்கள். ஒரு பழைய சட்டைப்பையைப் பிரித்தெடுத்து நீங்களும் தையுங்கள். பெயர் வேண்டாம் என்று தோன்றினால் போடாதீர்கள். பேனா மை ஈரம் பட்டால் பரவும், பென்சிலில் எழுதுங்கள். பையின் வாயை மட்டும் தைத்துவிடாதீர்கள்.