தனியுரிமைக் காயின் வாங்குவதற்கு முன் அதன் பிறப்பைச் சரிபார்ப்பது எப்படி?

பாரிமுனையில் கடை வைத்திருப்பவர் முதல் மணலியில் ஷிப்டு முடித்து வீடு திரும்புபவர் வரை, வடசென்னையில் பலரது வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் ஏதேனும் ஒரு கிரிப்டோ காயினில், அதாவது இணையத்தில் மட்டும் புழங்கும் நாணயத்தில், பணம் போடச் சொல்லும் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. அவற்றுள் ஒரு வகை, யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பது வெளியே தெரியாது என்ற வாக்குறுதியோடு வருகிறது. மொனேரோ, ஸீகேஷ் போன்ற அறியப்பட்ட பெயர்களைச் சொல்லி, "இதுவும் அதே தொழில்நுட்பம்தான்" என்று யாரும் கேள்விப்படாத ஒரு காயினை விற்பதும் உண்டு. இந்த வழிகாட்டி அந்த வகைக் காயின்களைப் பற்றியது. விலை ஏறுமா இறங்குமா என்பதை இது சொல்லாது. ஒரு காயின் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை உண்மைதானா என்பதை, ஒரு கணினியும் சில மாலைப் பொழுதுகளும் இருக்கும் சாதாரண வாசகர் எப்படிச் சோதிக்கலாம் என்பதை மட்டுமே சொல்லும்.

மாதவரத்தில் ஒரு மனை வாங்குவதென்றால் மூலப்பத்திரத்தைக் கேட்போம், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம், அதன் பிறகே முன்பணம் கொடுப்போம். பிட்காயினில் அப்படிப்பட்ட சோதனையை யாரும் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கிலிருந்து (பிளாக் என்பது பதிவேட்டின் ஒரு பக்கம் போன்றது) ஒவ்வொரு காசும் எங்கே உண்டாகி எங்கே போனது என்பது திறந்த பதிவேட்டில் இருக்கிறது. தனியுரிமைக் காயினில் அந்தப் பதிவேட்டின் ஒரு பகுதியோ பெரும் பகுதியோ வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருப்பதால், தொடக்கத்தில் யாரேனும் தமக்கென ஒரு குவியலை ஒதுக்கிக்கொண்டிருந்தால், அந்தக் குவியல் இப்போது யாரிடம் இருக்கிறது, விற்கப்பட்டுவிட்டதா என்பதைப் பின்னாளில் வருபவர் கண்டறிவது மிகக் கடினம். ஆகவே பிறப்பைப் பற்றிய சான்றை இங்கே மற்ற காயின்களைக் காட்டிலும் கடுமையாகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சோதிக்க வேண்டியது தேதி. இதற்குப் பைட்காயினின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை. கிரிப்டோநோட் என்ற தொழில்நுட்பத்தில் அமைந்த முதல் காயின் அது. 2012 ஜூலையிலேயே தொடங்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் இணையத்தின் மறைவான பகுதிகளில் புழங்கி வந்ததாகச் சொல்லிக்கொண்டு, 2014 மார்ச் வாக்கில்தான் அது பொதுவெளிக்கு வந்தது. அப்போது மொத்தம் வெளிவரவிருந்த சுமார் 18,400 கோடி காயின்களில் ஏறத்தாழ 82 விழுக்காடு ஏற்கெனவே மைனிங் மூலம், அதாவது கணினியை ஓட்டிப் புதிய பிளாக்குகளை உண்டாக்கிப் பரிசாகக் காயின் பெறும் முறையில், எடுக்கப்பட்டுவிட்டது. உண்மையிலேயே ஒரு கூட்டம் அதைப் பயன்படுத்தியிருந்தால் அந்தக் காலத்துப் பேச்சு, சண்டை, விலை விசாரணை என ஏதேனும் ஒரு தடயம் வெளியார் கையில் இருந்திருக்க வேண்டும்; அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்பதே 2014இல் விமர்சகர்கள் வைத்த முதல் குற்றச்சாட்டு. நிக்கோலஸ் வான் சாபர்ஹேகன் என்ற புனைபெயரில் வந்த கிரிப்டோநோட் ஒயிட் பேப்பரின் (தொழில்நுட்பத்தை விளக்கும் ஆவணத்தின்) முதல் வடிவம் 2012 டிசம்பர் 12 என்றும், இரண்டாம் வடிவம் 2013 அக்டோபர் 17 என்றும் தேதியிடப்பட்டிருந்தன. அந்த 2012 தேதி பின்னாளில் போடப்பட்டதாக இருக்கலாம் என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முறை இதுதான்: காயினை உருவாக்கியவர் தாமே எழுதக்கூடிய எந்தத் தேதியையும் சான்றாக ஏற்காதீர்கள். பிளாக்கில் இருக்கும் நேரத்தை எழுதுவது அதை மைனிங் செய்பவரே. வெளியார் யாரும் இல்லாத ஒரு பிளாக்செயினை (பிளாக்குகளின் தொடரை), மைனிங்கின் கடினத்தன்மை குறைவாக இருக்கும்போது, சில வாரங்களில் ஓட்டி இரண்டு ஆண்டுக்கான நேரங்களை அதில் பதித்துவிட முடியும். நிரல் சேமிக்கப்படும் கிட் கிடங்கில் காணப்படும் தேதியையும் எழுதுபவரே விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். பிடிஎஃப் கோப்பின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் தேதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அதே கோப்பின் பண்புகளைத் திறந்தால் உருவாக்கிய நாளும் உருவாக்கிய மென்பொருளின் பதிப்பும் இருக்கும். அந்தப் பதிப்பு ஆவணத் தேதிக்குப் பிறகு வெளியானதாக இருந்தாலோ, ஆவணம் மேற்கோள் காட்டும் கட்டுரை அதற்குப் பிறகு எழுதப்பட்டதாக இருந்தாலோ, விளக்கம் கேட்பதற்கு உங்களிடம் வலுவான காரணம் உண்டு.

சான்றாக ஏற்கத்தக்கவை மூன்றாம் நபர் வைத்திருக்கும் பதிவுகள். அந்தக் காயினின் இணையதள முகவரியை, பழைய பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் இட்டு, முதல் நகல் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். டொமைன் (இணையதளப் பெயர்) பதிவான நாளைத் தேடுங்கள். தொடக்க அறிவிப்பு பொதுவெளியில் எங்கே, என்று வந்தது, அதற்கு மற்றவர்கள் அன்றே பதில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்: முதல் பிளாக்கில் ஒரு நாளிதழின் தலைப்பைப் பொதித்து வைப்பது, அந்தச் செயின் அந்த நாளுக்கு முன்னால் தொடங்கவில்லை என்பதைக் காட்டுமே தவிர, அந்த நாளிலேயே தொடங்கியது என்பதைக் காட்டாது, ஏனெனில் பழைய தலைப்பை யாரும் பின்னாளில் எடுத்து எழுதலாம். ஒரு ஆவணத்தின் ஹேஷ் (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) குறிப்பிட்ட நாளில் பிட்காயின் செயினில் பதியப்பட்டிருந்தால் அது உறுதியான சான்று, ஏனெனில் அதைப் பின்தேதியிட எவராலும் இயலாது.

தேதிக்கு அடுத்தது கணக்கு. பொது அறிவிப்பு வந்த நாளில் எத்தனை காயின்கள் ஏற்கெனவே வெளிவந்திருந்தன, மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்ற ஒரே எண்ணைக் கண்டுபிடியுங்கள். வெளியீட்டு விதி நிரலிலும் ஒயிட் பேப்பரிலும் இருக்கும். பைட்காயினில் ஒவ்வொரு பிளாக்கும், மீதமிருக்கும் காயின்களில் 2,62,144இல் ஒரு பங்கைக் கொடுத்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக். 2,62,144 பிளாக்குகள் என்றால் சுமார் 364 நாள். இந்த வேகத்தில் ஓர் ஆண்டில் 63 விழுக்காடும், 20 மாதங்களில் 80 விழுக்காட்டுக்கு மேலும் தீர்ந்துவிடும். பொதுமக்களுக்குத் தெரியாமல் கழிந்ததாகச் சொல்லப்படும் அந்த 20 மாதங்களே செல்வத்தின் பெரும்பகுதியை விழுங்கப் போதுமானவை என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் விளங்கும். கால்குலேட்டரில் பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் எந்தப் புதிய காயினுக்கும் பணம் அனுப்பாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவதாக, தொடக்க நாளில் கொடுக்கப்பட்ட மைனிங் நிரலைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடிப் படியுங்கள். கிரிப்டோநோட்டின் முதல் மைனிங் நிரல் வேண்டுமென்றே மெதுவாக எழுதப்பட்டிருந்தது என்பதை, அதைப் பிரித்து ஆராய்ந்து வேகப்படுத்திய அமெரிக்கக் கணினிப் பேராசிரியர் டேவிட் ஆண்டர்சன் உள்ளிட்டோர் 2014இலேயே வெளிப்படுத்தினர். பொதுமக்களுக்கு மெதுவான நிரலைக் கொடுத்துவிட்டு, எழுதியவர் வேகமான நிரலைத் தம்மிடமே வைத்துக்கொண்டால், தேதி உண்மையாகவே இருந்தாலும் தொடக்கம் நேர்மையானதல்ல. இதைச் சோதிக்க நிரல் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தொடக்கத்துக்குப் பின் வந்த வாரங்களில் வெளியார் எவரேனும் பல மடங்கு வேகமான நிரலை எழுதினார்களா, அதைப் பற்றிக் காயினை உருவாக்கியவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று தேடினால் போதும்.

கிரிப்டோநோட்டின் கதையில் இன்னொரு பாதி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்கு அநீதி. மொனேரோ அதே நிரலிலிருந்து 2014 ஏப்ரல் 18 அன்று பிட்மொனேரோ என்ற பெயரில், முன்னறிவிப்போடு, முதல் பிளாக்கிலிருந்து எல்லோருக்கும் திறந்ததாகத் தொடங்கப்பட்டது. தொடங்கியவரின் முடிவுகள் பிடிக்காமல் போனபோது பயனாளர்கள் அதைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, பெயரைச் சுருக்கி, மெதுவான மைனிங் நிரலையும் திருத்தினார்கள். தொழில்நுட்பத்தின் தரமும், அதைப் பெற்றெடுத்தவரின் நேர்மையும் தனித்தனியாக எடைபோட வேண்டியவை. எனவே "மொனேரோவின் அதே தொழில்நுட்பம்" என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அந்தச் சொல் அவர் விற்கும் காயினின் பிறப்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பைட்காயினும் அதே தொழில்நுட்பம்தான்.

உருவாக்கியவரின் பெயர் தெரியாமல் இருப்பதை மட்டும் வைத்து ஒரு காயினை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பிட்காயினை உருவாக்கியவர் யாரென்று இன்றும் தெரியாது. 2019 ஜனவரியில் வந்த கிரின் காயினும் புனைபெயர்க்காரர்களால் தொடங்கப்பட்டது, ஆனால் முன்கூட்டி எடுத்த காயின் எதுவும் இல்லை, உருவாக்கியவருக்குப் பங்கும் இல்லை. பெயரை மறைப்பது ஒருவரின் உரிமை. தேதியையும் எண்ணிக்கையையும் மறைப்பதுதான் ஏமாற்று. அதுபோலவே, உருவாக்கியவர்கள் பங்கு எடுத்துக்கொள்வதும் தன்னளவில் வஞ்சனை ஆகாது. 2016 அக்டோபர் 28 அன்று தொடங்கிய ஸீகேஷ், முதல் நான்கு ஆண்டுகளின் வெளியீட்டில் 20 விழுக்காடு உருவாக்கியவர்கள் தரப்புக்குப் போகும் என்று முன்கூட்டியே அறிவித்தது. அது அதிகம் என்று நினைப்பவர் வாங்காமல் விடலாம், ஏனெனில் முடிவெடுக்கத் தேவையான தகவல் அவர் கையில் இருந்தது. டாஷ் 2014 ஜனவரியில் எக்ஸ்காயின் என்ற பெயரில் வந்தபோது, முதல் இரண்டு நாளில் சுமார் 19 லட்சம் காயின்கள் வெளிவந்துவிட்டன. நிரல் பிழை என்று விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் டாஷின் பதிவேடு திறந்தது என்பதால் நடந்த அளவையாவது எவரும் எண்ண முடிகிறது.

எண்ண முடியாத இடத்தில் என்ன ஆகும் என்பதைப் பிட்காயின் பிரைவேட் காட்டியது. 2018 தொடக்கத்தில் பிட்காயின், ஸீகிளாசிக் (ஸீகேஷிலிருந்து பிரிந்த காயின்) ஆகிய இரண்டின் இருப்புகளையும் இணைத்துத் தனிக் கிளையாகப் பிரிந்த காயின் அது. பிட்காயின் இருப்புகளை அதனுள் கொண்டுவந்த கட்டத்தில் சுமார் 20 லட்சம் காயின்கள் கூடுதலாக உண்டாக்கப்பட்டு மறைவுப் பகுதிக்குள் வைக்கப்பட்டிருந்ததை, காயின் மெட்ரிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2018 டிசம்பரில் கண்டுபிடித்து வெளியிட்டது. அதுவரை வாங்கியவர்கள் எல்லோரும் தவறான மொத்த எண்ணிக்கையை நம்பியே வாங்கியிருந்தார்கள். நேர்மையான காயினிலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. ஸீகேஷில் மறைவாகப் போலிக் காயின் உண்டாக்க வழிவிடும் ஒரு பிழை 2018 மார்ச்சில் அவர்களாலேயே கண்டறியப்பட்டு, அக்டோபரில் சரிசெய்யப்பட்டு, 2019 பிப்ரவரியில்தான் வெளியே சொல்லப்பட்டது. ஆகவே மொத்த எண்ணிக்கையை வெளியார் சரிபார்க்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேளுங்கள். ஸீகேஷில் மறைவுப் பகுதிக்குள் போனதைவிட அதிகம் வெளியே வர முடியாதபடி ஒரு கணக்கு வைக்கப்படுகிறது. மொனேரோவில் மைனிங் வழியாகப் பிறக்கும் காயின்களின் அளவு வெளிப்படையாகத் தெரியும், ஒவ்வொரு பரிமாற்றத்திலும் வரவும் செலவும் சமம் என்பது மறைகுறியீட்டுக் கணிதத்தால் சோதிக்கப்படுகிறது. இவ்விரண்டில் எதையும் ஒத்த பதில் இல்லாமல், "எங்கள் குழுவை நம்புங்கள்" என்று மட்டும் சொல்லும் காயினை விட்டு விலகுங்கள்.

பிறப்பு சரியாக இருந்தாலும் உங்கள் கணினிக்கு வரும் வாலட் (காயினை வைத்திருந்து அனுப்பும் செயலி) சரியானதாக இருக்க வேண்டும். 2019 நவம்பரில் மொனேரோவின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே சிறிது நேரம் திருட்டு நிரல் கலந்த வாலட் வைக்கப்பட்டிருந்தது. பதிவிறக்கிய கோப்பின் ஹேஷை ஒப்பிட்ட ஒரு பயனாளரால்தான் அது வெளிப்பட்டது. நீங்களும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷைக் கணக்கிட்டு, காயினின் நிரலாளர்கள் டிஜிட்டல் கையொப்பமிட்ட ஹேஷ் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே வாலட்டைத் திறக்க வேண்டும். டெலிகிராமில் அனுப்பப்படும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பை) எக்காரணம் கொண்டும் நிறுவாதீர்கள்.

நம் ஊர் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி. நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது. விற்பனையின்போது 1 விழுக்காடு டிடிஎஸ் பிடிக்கப்படும். 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் (காயின் வாங்கி விற்கும் தளங்கள்) பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பினான்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் மொனேரோவை நீக்கியதைப் போலப் பெரிய எக்ஸ்சேஞ்சுகள் தனியுரிமைக் காயின்களைக் கைவிடுவதால், விற்க வரும்போது முன்பின் தெரியாதவரிடம் நேரடியாக விற்கும் நிலை வரலாம். அவர் உங்கள் கணக்குக்கு அனுப்பும் பணம் வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், முடக்கப்படுவது உங்கள் வங்கிக் கணக்கு.

ஏமாற்றப்பட்டுவிட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கியிலிருந்து பணம் போன முதல் சில மணி நேரத்தில்தான் அதை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். அழைப்பு அனுப்பியவரின் எண், உரையாடல், யூபிஐ பரிமாற்ற எண், காயின் அனுப்பிய முகவரி, பரிமாற்ற ஹேஷ் அனைத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். மொனேரோவில் அனுப்பியிருந்தால் பரிமாற்ற ஹேஷ் மட்டும் போதாது. குறிப்பிட்ட முகவரிக்குக் குறிப்பிட்ட தொகை போனது என்பதைப் பிறருக்கு மெய்ப்பிக்க, அந்தப் பரிமாற்றத்துக்கென உங்கள் வாலட் உண்டாக்கிய தனிச் சாவி தேவை. அது அனுப்பிய வாலட்டின் கோப்பில் மட்டுமே இருக்கும். சீட் சொற்களை (வாலட்டை மீட்பதற்கான இரகசியச் சொற்களை) கொண்டு வாலட்டை வேறு போனில் மீட்டெடுத்தால் திரும்பி வராது. ஆகவே புகார் எழுதுவதற்கு முன்பே அந்தச் சாவியைத் தனியே நகலெடுத்து வைத்துவிடுங்கள்.