ஏரியில் சம்பு மண்டிக் கிடக்கிறதா? வெட்டுவதற்கு முன்

ஏரியைச் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கை வைப்பது சம்பில்தான். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் நீர்ச்செடி, நுனியில் பழுப்பு நிறத்தில் உருளை வடிவக் கதிர் வைக்கும். சம்பங்கோரை என்றும் சொல்வார்கள். பொக்லைன் வைத்து வழித்தெடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சம்பின் உயிர் சேற்றுக்குள் படுத்து ஓடும் கிழங்கில் இருக்கிறது. பொக்லைன் அதைத் துண்டு துண்டாக்கி எங்கும் பரப்பிவிடும். விட்டுப்போன துண்டுகள் மறுபடி முளைக்கும். தீ வைப்பது இன்னும் மோசம். மேலே கருகுமே தவிர கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. சம்புப் புதருக்குள் கூடு கட்டியிருக்கும் நீலத் தாழைக்கோழியின் முட்டையும் குஞ்சும்தான் சாகும்.

சரி, எப்படி வெட்டுவது? தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. சேற்றில் ஆக்ஸிஜன் இருக்காது. இலையிலும் தண்டிலும் உள்ள காற்றறைகள் வழியாகத்தான் கிழங்குக்கு மூச்சு போகிறது. காய்ந்த தண்டு தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால்கூட அந்த வழி திறந்தே இருக்கும். அதனால் இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டு வருவது வீண் வேலை. வெட்டிய அடிக்கட்டை சில வாரங்கள் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். ஏரி வற்றியிருந்தால் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் தரையோடு வெட்டலாம். மீதியை ஏறும் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். மறுபடி துளிர்ப்பதையும் விடாமல் வெட்ட வேண்டும். கதிர் வெடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, ஒரே கதிரில் லட்சத்துக்கும் மேல் விதை இருக்கலாம், எல்லாம் பஞ்சோடு காற்றில் போய்விடும்.

அப்புறம், ஒட்டுமொத்தமாக அழிக்கவும் வேண்டாம். கரையோரம் அங்கங்கே திட்டுத் திட்டாக விட்டால் கரை அரிக்காது, குருகு போன்ற பறவைகளுக்கும் மறைவிடம் இருக்கும்.

வெட்டியதை ஏரிக்குள்ளேயே குவித்துவிட்டுப் போவதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. சம்பு உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் அழுகும்போது திரும்பத் தண்ணீருக்கே போகின்றன. கரையேற்றி, செடிகளின் அடியில் மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குக்கோ உரத்துக்கோ கொண்டுபோக வேண்டும்.

சம்பை நட்டால் சாக்கடை நீர் தானே தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். சம்பு வளர்த்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பாத்திகள் உலகெங்கும் உள்ளன. அங்கே வேலையில் பெரும்பங்கு வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களுடையது. தண்ணீர் மெதுவாக நகர்ந்து, சில நாள் தங்கவும் வேண்டும். சாக்கடை கொட்டும் ஏரியின் ஓரத்தில் நாலு செடி வைத்து ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் பல ஏரிகளில் சம்பு மண்டுவதற்கே அந்தச் சாக்கடையின் சத்துதான் காரணம். அதை அடைக்காமல் எத்தனை முறை வெட்டினாலும் திரும்ப வரும்.

இளந்தண்டும் கிழங்கும் உண்ணத் தகுந்தவை. தெற்கு ஈராக்கின் சதுப்புநிலங்களில் இதன் மகரந்தத்தில் மஞ்சள் நிற இனிப்பே செய்கிறார்கள். ஆனால் நகரத்து ஏரியில் பிடுங்கிச் சாப்பிடாதீர்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் வேரிலும் கிழங்கிலும்தான் அதிகம் சேரும்.

பத்தமடைப் பாய் இதில்தான் செய்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கோரை என்ற வேறு செடி, தண்டு முக்கோணமாக இருக்கும். சம்பின் தட்டையான இலையிலும் பாய் பின்னலாம். பச்சையாகப் பின்னினால் காயும்போது சுருங்கி இடைவெளி விழும். நிழலில் உலர்த்தி, பின்னும்போது ஈரப்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக் குளத்தில் வைப்பவர்கள் தொட்டியோடு வையுங்கள். நேரடியாக நட்டால் கூரான கிழங்கு நுனி குளத்தின் அடியில் விரித்த தார்பாலினையே துளைத்துவிடும்.