வெளிநாட்டுப் பயணம்: ரயிலா, வாடகைக் காரா? முதன்முதல் போகிறவர்களுக்கு

சுவிசுக்கும் பிரான்சுக்கும் போவதென்று முடிவெடுத்த அன்று இரவே இரண்டு அழைப்புகள் வந்தன. பேர்ணில் இருக்கும் அக்கா சொன்னார்: "தம்பி, கார் எடுத்து வீண் செலவு செய்யாத. இஞ்ச டிராம் வாசல்ல நிக்குது." பிரான்சில், அல்சாசுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் மச்சான் சொன்னான்: "கார் இல்லாம வந்து என்னடா செய்யப் போறாய்? பாண் வாங்கப் போறதெண்டாலும் ஆறு கிலோமீற்றர்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வாசலில் நின்று பார்த்துச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நாங்கள் செய்யும் முதல் பிழை, "ஐரோப்பாவுக்கு ரயில் நல்லதா, கார் நல்லதா" என்று மொத்தமாகக் கேட்பது. கொழும்புக்கு யாழ்தேவியில் போகிற அதே ஆள்தான் கதிர்காமத்துக்கு ஹையேஸ் பிடிக்கிறார். அங்கேயும் அதே கணக்குத்தான்.

படி 1: இரவுகளை எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாளில் எந்தெந்த இரவு எங்கே படுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் பிறகு. ஒவ்வொரு இரவுக்கும் எதிரே, அந்த வீட்டிலிருந்தோ ஹோட்டலிலிருந்தோ ஸ்டேசனுக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று கூகுள் வரைபடத்தில் பார்த்துக் குறியுங்கள். பத்து நிமிடத்துக்குள் என்றால் 'ர', அரை மணிக்கு மேல் என்றால் 'கா'. இடைப்பட்டது என்றால் பஸ் ஓடுகிறதா, ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா என்று வீட்டுக்காரரிடமே கேளுங்கள்.

எங்கள் தாளில் பேர்ண் ஐந்து இரவு 'ர', பரிஸ் மூன்று இரவு 'ர', மச்சான் வீடு நான்கு இரவு 'கா'. பாதி விடை அங்கேயே வந்துவிட்டது.

காரே போகாத இடங்களும் உண்டு. மலையூரான செர்மாட்டுக்குள் உங்கள் காரை விட மாட்டார்கள், கீழே தேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் ஏற வேண்டும். வெங்கன், மூரன் என்ற ஊர்களும் அப்படித்தான்.

படி 2: தலைகளையும் பெட்டிகளையும் எண்ணுங்கள்

நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, அம்மா, ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஐந்து பேர் என்றால் ஐந்து இருக்கைக் கார் போதும் என்றுதான் நினைத்தேன். சுவிசில் 12 வயதாகாத, 150 சென்ரிமீற்றர் உயரம் வராத பிள்ளைக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். சின்னக் காரின் பின்பக்கம் இரண்டு சிறுவர் இருக்கைகளைப் பூட்டினால் நடுவில் அம்மா எங்கே இருப்பது? அதோடு மிளகாய்த்தூள், பனாட்டு, பருத்தித்துறை வடை என்று நிரப்பிய 23 கிலோப் பெட்டிகள் வேறு. ஆக, விலை பார்க்க வேண்டியது ஏழு இருக்கை வாகனத்துக்கு. வலைத்தளத்தில் முதலில் கண்ணில் படும் மலிவுக் காரின் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ரயிலில் பெட்டிகளைத் தூக்குவது நீங்கள்தான். வண்டி மாறும்போது ஐந்து பேரையும் ஐந்து பெட்டிகளையும் வேறு மேடைக்கு நகர்த்த வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால், மாறுகிற இடத்தில் இருபது நிமிட இடைவெளி இருக்கும் ரயிலாகத் தேடுங்கள். செயலி காட்டும் முதல் ரயிலையே பிடிக்க வேண்டும் என்றில்லை.

படி 3: ரயில் கணக்கு

சுவிசில் வெளிநாட்டவருக்கு என்றே சுவிஸ் டிராவல் பாஸ் இருக்கிறது. 3, 4, 6, 8, 15 நாள் என்று வரும். ரயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாம் அதில் அடக்கம். மலை ரயில்கள் பலவற்றில் பாதி விலை. ஆறு வயதுக்குக் கீழே இலவசம். ஆறிலிருந்து பதினாறு வயது ஆகும்வரை, பெற்றோரிடம் பாஸ் இருந்தால் குடும்ப அட்டையைச் சும்மா கேட்டு வாங்கலாம், அவர்களும் இலவசம். எங்களுக்கு ஐந்து பேர் கணக்கு மூன்று பேர் கணக்கானது அப்படித்தான்.

ஆனால் சாதாரண பாஸ் தொடர்ச்சியான நாட்களுக்கு. மூன்று நாள் அக்கா வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் பாஸ் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் சனம் உறவினர் வீட்டுக்குப் போனால் அப்படித்தானே இருக்கும்! அதற்கு ஒரு மாதம் செல்லும் பாதி விலை அட்டை நல்லது. ரிக்கெட்டைப் பாதி விலைக்கு வாங்கலாம், போகாத நாளில் நட்டமில்லை. இரண்டையும் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பிரான்சின் டிஜிவி என்ற அதிவேக ரயிலில் இருக்கை முன்பதிவு கட்டாயம், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். சூரிச்சிலிருந்து பரிசுக்குச் சுமார் நான்கு மணித்தியாலம். இதே தூரம் சாலையில் 650 கிலோமீற்றர் அளவு, ஒரு முழுப் பகல் போய்விடும். ஒன்று மட்டும்: பணம் திரும்பாத ரிக்கெட்டை விசா கைக்கு வருமுன் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

படி 4: கார்க் கணக்கு

நாள் வாடகையோடு கணக்கை மூடிவிடாதீர்கள். கீழே இவ்வளவும் வரும்: காப்புறுதி, சிறுவர் இருக்கை, இரண்டாவது சாரதி, எடுத்த இடத்தில் விடாமல் வேறு ஊரில் விட்டால் அதற்கொரு கட்டணம், பார்க்கிங், பெற்றோல். பெற்றோல் கணக்குச் சுலபம். 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர் குடிக்கும் வண்டி 600 கிலோமீற்றர் ஓடினால் 42 லீற்றர்.

பிரான்சில் நெடுஞ்சாலைகள் பலவற்றில் சுங்கம் கட்ட வேண்டும். சுவிசில் சுங்கச்சாவடி இல்லை, ஆனால் நெடுஞ்சாலையில் ஏற 40 பிராங்குக்கு ஆண்டு வில்லை (ஸ்டிக்கர்) வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் ஓடினாலும் அதே 40தான். சுவிசில் எடுக்கும் வாடகைக் காரில் அது இருக்கும். பிரான்சில் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினால் பெரும்பாலும் நீங்கள்தான் வாங்க வேண்டும்.

காப்புறுதியில் ஒரு வரியைத் தேடி வாசியுங்கள்: சேதம் வந்தால் முதல் எவ்வளவு தொகை உங்கள் தலையில்? விசாவுக்கு எடுத்த 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி காரில் விழும் கீறலுக்கு உதவாது.

படி 5: கடதாசிகளும் அட்டையும்

எங்கள் லைசென்சோடு சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் கையில் இருக்க வேண்டும். ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் இதைக் கொழும்பில் கொடுக்கிறது. விசா அலுவலாகக் கொழும்பு போகும்போதே எடுத்துவிடுங்கள். அது தனியே செல்லாது, அசல் லைசென்சும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அட்டை விசயத்தில் நான் பட்டது போதும். வாடகை நிலையத்தில் பிணைப்பணத்துக்கு டெபிட் அட்டையை நீட்டினேன். முடியாது என்றார்கள். கடனட்டை மனைவியின் பெயரில் இருந்தது, சாரதி நான். அதுவும் முடியாது. சாரதியின் பெயரிலேயே கடனட்டை வேண்டுமாம், பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சலின் அடியில் சின்ன எழுத்தில் அது இருக்கத்தான் செய்தது. கடைசியில் மச்சான் வேலையிலிருந்து ஓடிவந்து தன் பெயரில் எடுத்து, என்னை இரண்டாவது சாரதியாகச் சேர்த்தான்.

படி 6: இரண்டையும் கலக்கலாம்

ஊருக்கு ஊர் ரயில், 'கா' விழுந்த இரவுகளுக்கு மட்டும் கார். நாங்கள் பேர்ணிலிருந்து அல்சாசில் உள்ள மியூலூஸ் நகரம் வரை ரயிலில் போய், அங்கே நான்கு நாளுக்குக் கார் எடுத்து, அதே இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பரிசுக்கு ரயில் ஏறினோம். பரிசுக்குள் காரைக் கொண்டுபோவது, என்னைக் கேட்டால், காசு கொடுத்துத் தலையிடி வாங்குவது.

படி 7: சாவி கைக்கு வந்ததும்

காரைச் சுற்றி வீடியோ எடுங்கள், சில்லையும் சேர்த்து. பெற்றோல் மூடிக்குள் இருக்கும் வில்லையைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) என்றால் பெற்றோல், சதுரத்துக்குள் பி (B) என்றால் டீசல். பிரான்சில் பம்பில் 'கசோல்' என்று எழுதியிருப்பது கேட்கப் பெற்றோல் மாதிரி இருந்தாலும் டீசல்தான்.

அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். சுற்றுவட்டத்தில் இடமிருந்து வருபவருக்கு வழி. பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலமிருந்து வருபவருக்கு வழி, அவர் சின்ன ஒழுங்கையிலிருந்து வந்தாலும். வெறுமையான பார்க்கிங்கில் இருபது நிமிடம் சுற்றிவிட்டுச் சாலையில் இறங்குங்கள். எங்கள் ஜப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலக்கையில், அங்கே இடக்கையில். நான் அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடித்தேன். முதல் மூன்று திருப்பத்திலும் சிக்னலுக்குப் பதில் வைப்பர் ஆடியது. பின்னால் இருந்து அம்மா கேட்டார்: "மழை பெய்யேல்லையே தம்பி?"