காட்டு ஈடு மலிவாகக் கிடைத்தால் ஏன் என்று கேளுங்கள்

ஓரிடத்தில் காடு அழிகிறது. அதற்கு ஈடாக வேறொரு தனியார் நிலத்துக் காட்டைக் காக்கப் பணம் கைமாறுகிறது. இந்தச் சந்தைக்குப் புதிதாக வருபவர்களின் கோப்புகளில் எங்கள் காலத்துத் தவறுகளே திரும்ப வருகின்றன. பரப்பளவைத் தப்பாகக் கூட்டுவதையெல்லாம் விடுங்கள், தணிக்கையில் பிடிபடும்.

வெட்டவே போகாத காட்டுக்குப் பணம்

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். காட்டைக் காக்க யாருக்குப் பணம் தருவது என்று ஏலம் விட்டால் குறைந்த விலை கேட்பவர் யார்? பாதையே இல்லாத செங்குத்துச் சரிவில் காடு வைத்திருப்பவர். வெட்டினால் கூலிக்கே கட்டாது என்பதால் எந்தத் தொகையும் அவருக்கு வரவுதான். அப்படி ஒருவரிடம், "பணம் தரலைன்னா காட்டை என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "என்ன செய்யறது, சும்மாதான் கிடக்கும்" என்றார். அந்தப் பட்டியலில் அவருக்குத்தான் முதலிடம்!

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 1% காடு அழியும் வட்டாரத்தில், 100 ஹெக்டேரில் 20 ஆண்டுகளில் சுமார் 18 ஹெக்டேர் போயிருக்கும். ஆகவே நீங்கள் காப்பாற்றியது 18, நூறு அல்ல. அழிவு வீதத்தை 5% என்று எழுதினால் அதே காடு 64 ஹெக்டேர் லாபம் காட்டும். ஈட்டை விற்பவரே அந்த எண்ணை எழுத விடாதீர்கள். சுற்றுவட்டாரத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை வைத்து வேறொருவர் கணக்கிடட்டும்.

ஆபத்து குறைந்த காடு என்றால், சும்மா விட்டுவைப்பதற்கு அல்ல, செய்யும் வேலைக்குப் பணம் கொடுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2001-இல் தொடங்கிய புஷ்டெண்டர் ஏலத்தில் நில உரிமையாளர்கள் வேலி போடவும் களை எடுக்கவும் விலை குறித்தார்கள். விலையோடு பல்லுயிர்ப் பலனையும் சேர்த்து எடைபோட்டுத்தான் தேர்வு நடந்தது.

எங்கோ ஒரு காடு

பிரேசிலின் 2012 வனச் சட்டம், பழைய காடழிப்புக்கு அதே உயிர்மண்டலத்துக்குள் (ஒரே மாதிரித் தட்பவெப்பமும் தாவரங்களும் கொண்ட பெருநிலப்பகுதி, biome) ஈடு தேட இடம் தருகிறது. அமேசானே ஓர் உயிர்மண்டலம்தான்! நிலம் எங்கே மலிவோ அங்கேதான் ஈடு போகும். எல்லையைச் சுருக்குங்கள்.

பழங்காடு

பல நூற்றாண்டுகளாக நிற்கும் காட்டை அழித்தால் அதற்கு ஈடு கிடையாது. புதிதாகக் கட்டடம் கட்டுபவர் பல்லுயிர் வளத்தை முன்பிருந்ததைவிட 10% கூட்டித் தர வேண்டும் என்னும் இங்கிலாந்தின் பல்லுயிர் லாப விதிகூட அதைத் தனியாக ஒதுக்கிவைக்கிறது.

ஒப்பந்தம் முடிந்த மறுநாள்

அதே விதியில் காப்புக் காலம் குறைந்தது 30 ஆண்டுகள். கட்டடம் அதற்குப் பிறகும் நிற்கும். காலம் முடிந்தபின் காடு யார் பொறுப்பு, இடையில் நிலத்தை விற்றால் வாங்குபவரை ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.